திசு வளர்ப்பு வாழைக் கன்று: எந்த ரகத்துக்கு வாங்கலாம், எதற்கு யோசிக்கணும்

ஜி9 (கிராண்ட் நைன் என்ற வாழை ரகம்) போடப் போகிறவர் திசு வளர்ப்புக் கன்றைத்தான் வாங்க வேண்டும். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. பூவன், ரஸ்தாளி, செவ்வாழை என்று வந்தால் அதே பதிலை அப்படியே சொல்ல முடியாது. ரகத்துக்கு ரகம் கணக்கு மாறும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஆய்வகப் புட்டியில் பெருக்கிய இந்தக் கன்று ஒரு நகல். தாய் மரத்தில் இருந்த நல்லதும் கெட்டதும் சேர்ந்தே இதில் வரும். நாற்றங்காலில் பச்சைப் பசேலென்று வரிசையாக நிற்பதைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எந்தத் தாயிலிருந்து எடுத்தார்கள், எத்தனை சுற்றுப் பெருக்கினார்கள், எங்கே பழக்கினார்கள் என்ற மூன்றும்தான் கன்றின் தரம்.

கையில் கிடைப்பது என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். கருப்புப் பாலிதீன் பையில், ஏறக்குறைய ஓர் அடி உயரத்தில், ஐந்தாறு இலையோடு இருக்கும் கன்று. விலை இடத்தையும் பருவத்தையும் பொறுத்து 15 ரூபாயிலிருந்து 25 ரூபாய் வரை போகிறது. ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் ஏக்கருக்கு 1,210 கன்று பிடிக்கும். தோட்டத்திலிருந்து தோண்டி எடுக்கும் ஈட்டிக் கன்று (குறுகிய ஈட்டி போன்ற இலையுள்ள பக்கக் கன்று) இதைவிட மலிவு. அந்தக் கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

வாழையில் நகல் எடுப்பது புதிய வித்தை இல்லை. பக்கக் கன்றைப் பிரித்து நடுவதும் நகல்தான். நாம் சாப்பிடும் ரகங்களில் பெரும்பாலானவை மும்மடியம், அதாவது 22 குரோமோசோமுக்குப் பதில் 33. மகரந்தமும் சூலும் உருவாகும்போது மூன்று தொகுதியைச் சரிபாதியாகப் பிரிக்க வழியில்லை; அதனால் விதை பிடிப்பதில்லை. கருவுறாமலேயே காய் சதைபிடித்துவிடும் குணமும் சேர்ந்திருப்பதால் கொட்டையில்லாத பழம் கிடைக்கிறது. ஆணும் பெண்ணும் கலந்து புதுச் சேர்க்கை உருவாகும் வழி இந்தப் பயிரில் கிட்டத்தட்ட அடைபட்டுக் கிடக்கிறது. மனிதன் கன்று எடுத்து நடாவிட்டால் ரஸ்தாளி என்று ஒன்று இருக்காது. ஆக, ஆய்வகம் செய்வது வாழை காலங்காலமாகச் செய்துவரும் வேலையைத்தான். வேகம் மட்டுமே வேறு. திசு வளர்ப்பு என்றால் மரபணு மாற்றம் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதில் மரபணுவை யாரும் தொடுவதில்லை.

ஆய்வகத்தில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் எங்கே கோளாறு வரும் என்பது தானாகப் புரியும். ஈட்டிக் கன்றின் உறைகளை ஒவ்வொன்றாக உரித்து, வளர்நுனி உள்ள ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கட்டியை எடுத்துக் கிருமி நீக்குவார்கள். பிறகு முராஷிகி-ஸ்கூக் என்ற சத்துக் கலவை ஊடகத்தில் வைப்பார்கள். லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, கார அமிலத்தன்மை 5.8, வெப்பம் 25 டிகிரியை ஒட்டி, ஒரு நாளில் 16 மணி நேரம் விளக்கொளி. சைட்டோகைனின் வகை ஊக்கி ஒரு குருத்தைப் பல குருத்தாகப் பிரிக்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதுப் புட்டியில் வைப்பார்கள். சுற்றுக்கு மும்மடங்கு என்று வைத்தாலும் எட்டுச் சுற்றில் ஒரு நுனி 6,561 ஆகிவிடும். ஆசை பிறப்பது இங்கேதான். சுற்று கூடக்கூட, ஊக்கியின் அளவு கூடக்கூட, நகலில் பிசகு கூடும். எட்டுச் சுற்றோடு நிறுத்திவிட்டுப் புது நுனியிலிருந்து தொடங்குவதே நல்ல ஆய்வகத்தின் வழக்கம். தேவை உச்சத்தில் இருக்கும் பருவத்தில் சிலர் பத்து, பன்னிரண்டு என்று இழுப்பதுண்டு. வாங்குகிறவர் கேட்காதவரை இது வெளியே தெரியாது.

வேர்விட்டபின் கன்று புட்டியை விட்டு வெளியே வரும். புட்டிக்குள் ஈரப்பதம் நூற்றை ஒட்டி இருப்பதால் இலையின் மேல் மெழுகுப் பூச்சு சரியாகப் படிந்திருக்காது. இலைத்துளையும் ஒழுங்காக மூடாது. நேராக வெயிலில் வைத்தால் சில மணி நேரத்தில் துவண்டுவிடும். அதனால் நான்கு முதல் ஆறு வாரம் தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் ஈரமான பசுமைக்குடிலிலும், பிறகு ஆறு முதல் எட்டு வாரம் பாலிதீன் பையில் நிழல்வலைக்கு அடியிலும் பழக்க வேண்டும். இந்த இரண்டாவது கட்டத்தைச் சுருக்கிவிட்டு விற்கும் கன்றுதான் நட்ட பதினைந்து நாளில் காய்ந்து நிற்கும். பழியை விவசாயியின் தண்ணீர் மேல் போடுவார்கள்.

இனி 'நோயற்ற கன்று' என்ற விளம்பரத்துக்கு வருவோம். இதில் பாதி உண்மை, பாதி நம்பிக்கை. பூசணம், பாக்டீரியா, நூற்புழு, கிழங்கு கூன்வண்டு ஆகியவை சுத்தமான புட்டியைத் தாண்டி வராது. வாடல் நோயைச் சுமந்து வரும் பெரிய வண்டியே பக்கக் கன்றும் அதில் ஒட்டிய மண்ணும்தான் என்பதால், இந்த ஒன்றுக்காகவே கூடுதல் விலை தகும். வைரஸ் கதை வேறு. வளர்நுனியின் உச்சியில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பகுதியில், வைரஸ் பெரும்பாலும் எட்டாது. அதை மட்டும் வெட்டி வளர்ப்பது மெதுவான வேலை. வணிக ஆய்வகங்கள் எடுப்பதோ சென்டிமீட்டர் அளவுக் கட்டி. தாயில் வைரஸ் இருந்தால் அது அத்தனை ஆயிரம் கன்றிலும் இருக்கும். முடிக்கொத்து, பூமடல் தேமல், வெள்ளரித் தேமல், வாழை வரி வைரஸ் ஆகிய நான்குக்கும் தாய்மரத்தை எலிசா, பி.சி.ஆர். முறையில் சோதித்த பிறகே நுனி எடுக்க வேண்டும்.

வரி வைரஸில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மூசா பல்பிசியானா என்ற காட்டு வாழையின் பங்கு உள்ள ரகங்கள் சிலவற்றில் இந்த வைரஸின் மரபணுத் துண்டுகள் வாழையின் குரோமோசோமிலேயே ஒட்டிக் கிடக்கின்றன. திசு வளர்ப்பு தரும் அழுத்தத்தில் அவை விழித்துக்கொண்டு முழு வைரஸாகிவிடும் வாய்ப்பு உண்டு. நம் பூவனில் வரி வைரஸ் பரவலாக இருப்பது தெரிந்த விஷயம். ஜி9 கேவண்டிஷ் குழுவைச் சேர்ந்தது, முழுக்க மூசா அக்யூமினாட்டா என்ற இன்னொரு காட்டு வாழையின் வழி, அதில் இந்தத் தொல்லை இல்லை. 'ரகத்துக்கு ரகம் கணக்கு மாறும்' என்றதற்கு இது முதல் காரணம். பூவன் திசுக் கன்று வாங்குகிறவர் சோதனைச் சான்றைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

சான்று என்றால் எது? மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் திசு வளர்ப்புச் செடிகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையை நடத்திவருகிறது. அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்தில் வைரஸ் சோதனையும் ரகம் பிசகாமல் இருக்கிறதா என்ற மரபுச் சோதனையும் முடிந்த கன்றுத் தொகுதிக்குத்தான் சான்று ஒட்டுச்சீட்டு கிடைக்கும். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருப்பது ஒன்று, உங்கள் கைக்கு வரும் தொகுதிக்குச் சான்று இருப்பது வேறொன்று. சுவரில் மாட்டியிருக்கும் சட்டத்தைக் காட்டினால் போதாது. தொகுதி எண் கேளுங்கள். ஆய்வகக் கன்றைக் குழித்தட்டோடு வாங்கிவந்து தங்கள் இடத்தில் பையில் வளர்த்து விற்கும் நாற்றங்கால்கள் ஊருக்கு ஊர் முளைத்துவிட்டன. சான்று ஆய்வகம் வரைக்கும்தான் பேசும். நாற்றங்காலைச் சுற்றிப் பழைய வாழைத் தோப்பு இருந்து, வலை கிழிந்து கிடந்தால், வாழை அசுவினி உள்ளே வந்து முடிக்கொத்து நோயைப் புதிதாக ஏற்றிவிடும். அதோடு பையில் நிரப்பிய மண் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். வாழை போட்ட நிலத்து மண் என்றால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுவது நல்லது.

நேரில் போய்க் கன்று பார்க்கும்போது செய்ய வேண்டியது இது. உயரம் 30 சென்டிமீட்டர், தண்டுச் சுற்றளவு 5 சென்டிமீட்டர், குறைந்தது ஐந்து நல்ல இலை. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நடுநரம்பின் அடிப்பக்கத்தையும் காம்பையும் பாருங்கள். கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தந்தி எழுத்துப் போல் விட்டுவிட்டுத் தெரிந்தால் அது முடிக்கொத்து. அந்தக் கன்று மட்டும் அல்ல, அந்த வரிசையே வேண்டாம். ஜி9 இளங்கன்றின் இலையில் செம்பழுப்புத் திட்டுகள் இருப்பதைப் பார்த்து நோய் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது இந்த வகைத் திசுக் கன்றின் இயல்பு, வளர்ந்ததும் மறைந்துவிடும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், கொழகொழப்பும் நாற்றமும் இருந்தால் கிழங்கு அழுகல். கடைசியாக ஒரு பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். 15 சென்டிமீட்டர் நீளத்தில் 25, 30 வெள்ளை வேர் இருக்க வேண்டும். வேர் பழுப்பேறிப் பைக்குள் வட்டமாகச் சுற்றியிருந்தால் கன்று விற்காமல் தேங்கிக் கிடந்தது என்று அர்த்தம். நட்டாலும் வேர் வெளியே ஓட நாளாகும். இந்த ஒரு பையைக் கிழிக்க மறுக்கும் இடத்தில் ஆயிரம் கன்று வாங்குவதில் நியாயமில்லை.

பிறழ்ந்த கன்று எந்த ஆய்வகத்திலும் கொஞ்சம் வரும். கேவண்டிஷில் மிக அதிகம் வருவது குட்டை. பக்கத்துக் கன்றைவிட இலைக்காம்பு குட்டையாக, இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, அகலம் அதிகமாகவும் நீளம் குறைவாகவும் இருக்கும். இன்னொன்று தடித்து ரப்பர் போலச் சுருங்கிய குறுகிய இலை, இதை வைரஸ் என்று தவறாக நினைப்பார்கள். செவ்வாழையில் சிவப்பு போய்ப் பச்சைத் தண்டாக மாறும் பிறழ்வு இருக்கிறது. சிவப்புக்குத்தானே விலை, அதனால் செவ்வாழைக்குச் சுற்று எண்ணிக்கையைக் கட்டாயம் கேட்க வேண்டும். நூற்றுக்கு ஒன்றிரண்டு பிறழ்வைப் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்தைத் தாண்டினால் ஆய்வகத்தின் கோளாறு. மாற்றுக் கன்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நாற்றங்காலில் தப்பியது நட்ட இரண்டு மூன்று மாதத்தில் பளிச்சென்று தெரியும், அப்போதே பிடுங்கி மாற்றிவிடலாம்.

நடவு எளிது, ஆனால் கெடுப்பதும் எளிது. ஒன்றரை அடிக் குழியில் 10 கிலோ மக்கிய தொழுவுரமும் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கும் மேல்மண்ணோடு கலந்து போட்டு, மண் கட்டி உடையாமல் பையைக் கிழித்துக் கன்றை வையுங்கள். தண்டின் அடி தரைமட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே இருந்தால் போதும். பக்கக் கன்று நட்டுப் பழகிய கை இதை ஆழமாகப் புதைத்துவிடும். புதைந்த கழுத்தில் ஈரம் தேங்கி, சூடும் சேர்ந்தால் கிழங்கு அழுகல் பிடிக்கும். முதல் நான்கைந்து மாதத்தில் ஜி9 திசுக் கன்று சாய்வதற்குப் பெரிய காரணம் இதுதான். கோடை உச்சத்தில் நடுவதைத் தவிர்ப்பதும், தண்ணீர் தேங்காமல் பார்ப்பதும், தொடக்கம் தெரிந்ததும் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுவதும் வழி. ஊடுபயிராகப் பூசணி வகை, மிளகாய், தக்காளி வேண்டாம். வெள்ளரித் தேமலும் அசுவினியும் அவற்றிலிருந்துதான் இளங்கன்றுக்குத் தாவும்.

உரத்தில் கைசுருக்கினால் இந்தக் கன்றுக்குக் கொடுத்த விலை வீண். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திசு வாழைக்கு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு பரிந்துரைக்கிறது. மரத்துக்குத் தழைச்சத்து 165 கிராம், மணிச்சத்து 52, சாம்பல்சத்து 495. கடைக் கணக்கில் யூரியா 360 கிராம், பொட்டாஷ் 825 கிராம். நட்ட 2, 4, 6, 8ஆம் மாதங்களில் நான்காகப் பிரித்தால் ஒரு தவணைக்கு யூரியா 90, பொட்டாஷ் 205 கிராம் சுமாராக வரும். சொட்டுநீரில் முதல் நான்கு மாதம் நாளுக்கு 5 முதல் 10 லிட்டர், குலை தள்ளும்வரை 10 முதல் 15, அதன்பின் 15 லிட்டர். இப்படிச் செய்தால் 11, 12 மாதத்தில் 25 முதல் 30 கிலோ தார் எதிர்பார்க்கலாம்.

பக்கக் கன்றில் இதே எடை வராது என்றில்லை. வித்தியாசம் அறுவடையின் ஒழுங்கில் இருக்கிறது. பக்கக் கன்று வயதிலும் கிழங்கின் எடையிலும் கலந்து வருவதால் தார் வெட்டு மாதக்கணக்கில் இழுக்கும். திசுக் கன்று ஒரே வயது என்பதால் தோட்டம் மொத்தமும் சில வாரத்தில் வெட்டுக்கு வந்துவிடும். லாரிச் சுமையாகப் பேசி விற்க வசதி. இதே ஒழுங்கு ஆபத்தும் ஆகும். தார் சுமந்து நிற்கும் வாரத்தில் பலத்த காற்று அடித்தால் எல்லா மரமும் ஒரே நிலையில் மாட்டிக்கொள்ளும். சந்தை சரிந்தாலும் காத்திருக்க முடியாது. மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் மாத இடைவெளியில் மூன்று தவணையாக நடுவது நல்லது.

நகலின் பெரிய ஆபத்து தோட்டத்தைத் தாண்டியது. 1950கள் வரை உலக ஏற்றுமதி வாழை என்றால் கிராஸ் மிஷேல். ஒரே ரகம், ஒரே மரபு. பூசணத்தால் வரும் பனாமா வாடல் நோயின் முதல் இனம் அதைத் தோட்டம் தோட்டமாக அழித்தது. அந்த இனத்தைத் தாங்கும் கேவண்டிஷ் அந்த இடத்துக்கு வந்தது. இப்போது அதே பூசணத்தின் வெப்பமண்டல இனம் 4, சுருக்கமாக டிஆர்4, கேவண்டிஷையே வாட்டுகிறது. இந்தியாவில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் உறுதி செய்யப்பட்டுவிட்டது. திசுக் கன்று வாடல் நோயைக் கொண்டுவராது, ஆனால் அந்த நோயைத் தாங்கவும் செய்யாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 'திசு வாழைக்கு வாடல் வராது' என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். வெளிமாநிலப் பக்கக் கன்றையும் மண் ஒட்டிய கருவிகளையும் தோட்டத்துக்குள் விடாமல் இருப்பதே இப்போதைக்குக் காப்பு.

தப்பும் வழி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பல்லுயிர்ப் பாதுகாப்பு ஏன் விவசாயியின் கவலையாக வேண்டும் என்பது விளங்கும். ஆஸ்திரேலியா 2024இல் அனுமதித்த டிஆர்4 தாங்கும் கேவண்டிஷ் ரகத்தில் வைத்த மரபணு, தின்னவே முடியாத அளவு கொட்டை நிறைந்த ஒரு காட்டு வாழையிலிருந்து எடுக்கப்பட்டது. தைவானில் இன்னொரு வழி பிடித்தார்கள்: திசு வளர்ப்பில் பிறழ்ந்த ஆயிரக்கணக்கான கன்றுகளை நோயுள்ள நிலத்தில் நட்டுத் தப்பியதைத் தேர்ந்தெடுத்தார்கள். நாற்றங்காலில் பிடுங்கி எறியும் அதே பிறழ்வு அங்கே ரகமாயிற்று. விதை இல்லாத பயிருக்கு விதை வங்கி வைக்க முடியாது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1,500க்கும் மேற்பட்ட வாழை மாதிரிகளைப் புட்டியில் 16 டிகிரியில் மெதுவாக வளரவிட்டும், திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறையவைத்தும் காக்கிறார்கள். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நிலத்திலேயே ரகங்களை உயிரோடு வளர்க்கிறது.

நம்மூரில் இந்தத் தொழில்நுட்பம் ஒரு ரகத்தைக் காப்பாற்றிய கதை விருப்பாச்சி என்ற மலைவாழையுடையது. கீழ்ப்பழனி மலையில் ஒரு காலத்தில் 18,000 ஹெக்டேர் அளவில் இருந்தது முடிக்கொத்து நோயால் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. நோயில்லாத தாயைத் தேடிப்பிடித்து, சோதித்து, திசு வளர்ப்பில் பெருக்கிக் கொடுத்த பிறகே மலைவாழை மறுபடி காலூன்றியது. விருப்பாச்சி, சிறுமலை ஆகிய இரண்டு மலைவாழைக்கும் புவிசார் குறியீடும் உண்டு. மலைவாழை போடுகிறவருக்கு ஜி9 விவசாயியைவிட இந்தக் கன்று முக்கியம் என்பது எங்கள் கருத்து. ஆனால் பக்கத்துக் கொல்லையில் நோய்ப்பட்ட பழைய தூர் நின்றால் அசுவினி ஒரு பருவத்தில் புதுக் கன்றையும் கெடுத்துவிடும். முதலில் மருந்தடித்து அசுவினியைக் கொன்றுவிட்டு, பிறகு தூரைக் கிழங்கோடு எடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அசுவினி பறந்து பரவும்.

யாருக்கு இது தேவையில்லை? வீட்டுக் கொல்லையில் பத்து மரம் வைப்பவருக்கும், நோயில்லாத சொந்தத் தோட்டத்தில் மொந்தனோ கற்பூரவள்ளியோ வைத்திருப்பவருக்கும் ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ள ஈட்டிக் கன்றே போதும். ஏக்கர் கணக்கில் ஜி9 போடுகிறவர்கூட வரப்போரம் ஒரு வரிசை ரஸ்தாளியோ மட்டியோ பச்சைநாடனோ விடலாம். சந்தையில் அதற்கென்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ரகமும் பிழைக்கும்.

ஜி9 தவிர மற்ற ரகங்கள் கேட்டதும் கிடைப்பதில்லை. முன்பதிவு செய்து சில மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். முன்பணம் கட்டும்போதே ரசீதில் ரகத்தின் பெயர், தொகுதி எண், பெருக்கிய சுற்று எண்ணிக்கை, பையில் பழக்கிய நாள், பிறழ்வு ஐந்து விழுக்காட்டைத் தாண்டினால் மாற்றுக் கன்று தருவதாக ஒரு வரி ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தருகிற நாற்றங்காலுக்குக் கன்றுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும்.